கண்ணாடியோடு ஒட்டிப்போன குடும்பப் படம்: எதைச் சரிசெய்வது, எதைத் தொடாமல் விடுவது?

சாளரம்:

வணக்கம். பாட்டியின் இளம் வயதுப் படம் என்று எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். கறுப்பு வெள்ளைக் குழுப்படம், சட்டம் போட்டது. இடது கீழ்ப்பக்கம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மேல்பகுதியில் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுகள். சட்டம் போடுவதற்கு முன்பே படம் மடிந்திருக்கிறது. அந்த மடிப்பு பாட்டியின் ஒரு கண் வழியாகப் போகிறது. ஏதோ குழந்தை நீலப் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடும் இழுத்து வைத்திருக்கிறது. வலது மேல் மூலை கிழிந்து போய்விட்டது.

தம்பி அதைப் போனில் படமெடுத்து ஒரு செயலியில் போட்டு, பளிச்சென்று ஆக்கி எல்லோருக்கும் அனுப்பினான். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அம்மா மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது யாரோ. எங்கம்மா இல்லை" என்று சொல்லிவிட்டார். எனக்கும் அப்படித்தான் படுகிறது, ஆனால் எது மாறியது என்று சொல்லத் தெரியவில்லை.

படத்தைக் கண்ணாடியிலிருந்து எப்படிப் பிரிப்பது? முகத்தை மாற்றாமல் படத்தைச் சீராக்க வழி உண்டா?

வெள்ளித்துகள்:

முதல் கேள்விக்கு மட்டும் உடனே பதில்: பிரிக்காதீர்கள். தயவுசெய்து ஒரு மூலையைக்கூட நெம்பிப் பார்க்காதீர்கள்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பெரும்பாலானவை ஜெலட்டின் படலத்துக்குள் வெள்ளித் துகள்கள் பதிந்தவை. ஈரக்காற்றில் ஜெலட்டின் இளகும், காயும்போது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதோடு இறுகிவிடும். இப்போது உங்கள் படத்தின் அந்தப் பகுதி காகிதத்தைவிடக் கண்ணாடியைத்தான் கெட்டியாகப் பிடித்திருக்கும். இழுத்தால் காகிதம் உங்கள் கையில் வரும், உருவம் கண்ணாடியிலேயே நின்றுவிடும். ஹேர் டிரையர், நீராவி, தண்ணீரில் ஊறவைப்பது, ஃப்ரீசரில் வைப்பது என்று இணையத்தில் நிறைய யோசனைகள் கிடைக்கும். சிலருக்குப் பலித்திருக்கலாம். உங்களிடம் இருப்பது ஒரே பிரதி என்பதால் எதையும் செய்து பார்க்க வேண்டாம்.

கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். சட்டத்தையும் பின்பலகையையும் மெதுவாகக் கழற்றி, கண்ணாடியும் படமும் ஒன்றாகவே வெளியே வரட்டும். வெளிப்பக்கக் கண்ணாடியை மட்டும் துடையுங்கள். திரவத்தைத் துணியில் தொட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடி மேல் தெளிக்காதீர்கள், ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும்.

அப்புறம், எந்த ஸ்கேனர் என்பது இங்கே முக்கியம். மெல்லிய, இலேசான ஸ்கேனர்களில் பெரும்பாலும் சிஐஎஸ் வகை உணரி இருக்கும். அதற்குத் தன் கண்ணாடியை ஒட்டிக் கிடப்பது மட்டும்தான் தெளிவாகத் தெரியும். நடுவில் இன்னொரு கண்ணாடியின் தடிமன் வந்தாலே படம் மங்கிவிடும். சற்றுப் பருமனான சிசிடி வகை சில மில்லிமீட்டர் தள்ளி இருப்பதையும் தெளிவாகப் பிடிக்கும். இரண்டு கண்ணாடிகளும் நேராகத் தொட்டால் வானவில் வளையங்கள் விழலாம். நான்கு ஓரத்திலும் மெல்லிய காகிதத் துண்டு வைத்துச் சற்றே உயர்த்தினால் அது போய்விடும்.

ஸ்கேனர் கிடைக்காவிட்டால் கேமராவே போதும். படத்தைக் கிடைமட்டமாக வைத்து, மேலிருந்து நேராக எடுங்கள். இரண்டு பக்கமும் 45 பாகைச் சாய்வில் ஒரே மாதிரி இரண்டு விளக்குகள் வேண்டும். கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்தால் பிரதிபலிப்பு விழாது.

தூரிகை:

ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். படத்தைத் தொடாமல் எடுக்கும் நல்ல ஸ்கேன்தான் பாதி வேலை. மீதியை எத்தனை முறை வேண்டுமானாலும் கணினியில் திரும்பச் செய்யலாம்.

ஸ்கேன் அமைப்புகள்: குறைந்தது 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு). முகங்கள் சிறிதாக இருக்கும் குழுப்படம் என்றால் 1200. ஒரு சேனலுக்கு, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றின் பதிவுக்கும், 16 பிட். சேமிப்பது, தகவலை இழக்காத டிஃப் (TIFF) கோப்பாக. தானியங்கித் திருத்தம், கூர்மையாக்கல், தூசி நீக்கம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். 4க்கு 6 அங்குலப் படம் 600 டிபிஐயில் 2400க்கு 3600 பிக்சல் வரும். 16 பிட் டிஃப் சுமார் 52 எம்பி. 1200க்குப் போனால் அதைப்போல நான்கு மடங்கு. இடம் பிடிக்கும்தான், ஆனால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். பலரும் கிரேஸ்கேல் என்று கொடுத்து, படத்தைக் காப்பாற்றக்கூடிய தகவலை அங்கேயே தொலைத்துவிடுகிறார்கள். மஞ்சள் கறை என்பது நீல ஒளியை விழுங்கும் கறை. கலர் ஸ்கேனைத் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்களையும் தனித்தனியாகப் பாருங்கள். நீலத்தில் அந்தத் திட்டு கன்னங்கரேல் என்று இருக்கும், சிவப்பில் ஏறக்குறைய காணாமலே போயிருக்கும். சிவப்புச் சேனலை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக வைத்துக்கொண்டால், ஒரு பிக்சலைக்கூட வரையாமல் கறையில் பெரும்பகுதி நீங்கிவிடும். கிம்ப், ஃபோட்டோஷாப் என்ற படத் திருத்த மென்பொருள் இரண்டிலுமே இதற்கு வசதி இருக்கிறது.

இப்படிப்பட்ட வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கறைக்கு அடியில் இருந்த கன்னம் கற்பனையாக வரவில்லை, படத்திலேயே இருந்தது, அவ்வளவுதான்.

கணிநிரல்:

ஒரு மாற்றுக் கருத்து. நீங்கள் சொல்வதெல்லாம் சரி, ஆனால் இதற்குப் பொறுமையும் பயிற்சியும் வேண்டும். வீட்டில் பெட்டி நிறையப் படம் இருக்கிறவர் ஒவ்வொன்றுக்கும் மாலை முழுவதும் உட்கார முடியுமா? ஜிஎஃப்பிகேன் (GFPGAN) போன்ற இலவச ஏஐ கருவிகள் 2021 முதலே கிடைக்கின்றன. மங்கிய முகத்தை நொடியில் தெளிவாக்கித் தருகின்றன. தொண்ணூறு வயதுப் பெரியவர் ஒருவர் தன் அண்ணனின் முகத்தைத் தெளிவாகப் பார்த்து மகிழ்கிறார் என்றால் அதில் என்ன குறை? இந்தச் செயலி சரியாக வரவில்லை என்றால் வேறொன்றைப் பாருங்கள் என்பேன்.

தூரிகை:

மகிழ்ச்சியில் குறை இல்லை நண்பரே. அவர் பார்ப்பது அண்ணனைத்தானா என்பதுதான் என் கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழுப்படத்தில் ஒரு முகத்தின் அகலம் 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 டிபிஐயில் அது சுமார் 118 பிக்சல். ஒரு கண் முக அகலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆக ஒரு கண்ணுக்குக் கிடைப்பது 24 பிக்சல். மடிப்பும் மங்கலும் போக உண்மையான தகவல் அதைவிடக் குறைவு. கருவியோ 512 பிக்சல் அகலத்துக்கு இமை முடி வரைக்கும் முகம் தருகிறது. அந்த இமை முடி எங்கிருந்து வந்தது? ஜிஎஃப்பிகேனைப் பயிற்றுவித்தது எஃப்எஃப்எச்க்யூ என்ற தொகுப்பை வைத்து. ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்கள் அதில் இருக்கின்றன. உங்கள் பாட்டியின் படத்தில் இல்லாததை எல்லாம் அந்த முகங்களின் பொதுப்போக்கிலிருந்து எடுத்து நிரப்புகிறது. அதனால்தான் கண் இரண்டும் ஒரே அளவாகிறது, மூக்கு நேராகிறது, தோல் வழுவழுப்பாகிறது. சகோதரி, உங்கள் அம்மா கண்டுபிடித்தது இதைத்தான்.

2020இல் நடந்தது நினைவிருக்கலாம். ட்யூக் பல்கலைக்கழகத்தில் உருவான பல்ஸ் என்ற கருவியில், பராக் ஒபாமாவின் கட்டம் கட்டமாகச் சிதைந்த சிறு படத்தைக் கொடுத்தபோது அது ஒரு வெள்ளைக்காரரின் தெளிவான முகத்தைத் திருப்பித் தந்தது. ஒபாமாவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் உடனே பிடித்துவிட்டார்கள். நம் கொள்ளுத்தாத்தா விஷயத்தில் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

மரக்கிளை:

நான் குடும்ப வரலாறு தொகுப்பவள். என் கவலை இன்னும் ஒரு படி அதிகம்.

பெயர் தெரியாத ஒருவரைப் படத்தில் அடையாளம் காணும்போது எங்களுக்குக் கைகொடுப்பது முகத்தின் சின்னச் சின்னக் கோணல்கள்தான். ஒரு பக்கம் ஏறிய புருவம், காது மடலின் வடிவம், சற்றே ஒதுங்கிய பல். கருவி முதலில் அழிப்பது அவற்றைத்தான். அந்தத் திருத்திய படம் மட்டும் உறவினர்களிடையே சுற்றத் தொடங்கினால், அடுத்த தலைமுறையில் அதுதான் மூலம் என்று ஆகிவிடும். பிறகு எதை வைத்து எதை ஒப்பிடுவது?

சாளரம், சட்டம் கழற்றும்போது நீங்கள் கவனிக்க வேண்டியவை: படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சில் குறிப்பு, காகிதத் தயாரிப்பாளரின் அச்சு எது இருந்தாலும் காலத்தைக் கணிக்க உதவும். எழுத்து மங்கியிருந்தால் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விளக்கடித்துப் பாருங்கள்; பேனா அழுத்திய பள்ளம் தெரியும். ஓரங்களை வெட்டாதீர்கள். கிழிந்த ஓரமும் வெள்ளைக் கரையும் சேர்ந்ததுதான் படம்.

வண்ணம் தீட்டும் ஆசை வந்தால் இதையும் யோசியுங்கள். தொடக்ககாலக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு மட்டுமே அசைந்தவை. அடுத்து வந்த ஆர்த்தோகுரோமேட்டிக் வகைக்குப் பச்சை தெரியும், சிவப்பு தெரியாது. அவற்றில் சிவப்பு உடை கறுப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும், உதடு கருக்கும், தோல் உண்மையைவிட ஒன்றிரண்டு நிழல் அடர்த்தியாகத் தெரியும். எல்லா நிறத்தையும் ஓரளவு சரியாகப் பதியும் பான்குரோமேட்டிக் ஃபிலிம் பரவலாகப் புழக்கத்துக்கு வந்ததே 1920களில்தான். சாம்பல் நிறத்தைப் பார்த்து வண்ணத்தை ஊகிக்கும் கருவிக்கு, எந்தத் தகட்டில் எடுத்த படம் என்பது தெரியாது. ஆகவே அது தருவது ஊகம் மட்டுமே. 'வண்ணம் பின்னர் சேர்க்கப்பட்டது' என்று படத்தின் மேலேயே எழுதாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

2021இல் கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் கொல்லப்பட்டவர்களின் படங்களுக்கு ஒருவர் வண்ணம் தீட்டி, சிலருடைய முகத்தில் மூலத்தில் இல்லாத புன்னகையையும் சேர்த்திருந்தார். வெளியிட்ட இணைய இதழ் கடும் எதிர்ப்புக்குப் பிறகு அதை நீக்கியது. நம் வீட்டுப் படம் அந்த அளவுக்குக் கனமானது இல்லை. ஆனாலும் இறந்தவர் முகத்தில் கை வைக்கிறோம் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் இருக்கும்.

கணிநிரல்:

புன்னகை சேர்ப்பதை நானும் ஏற்கமாட்டேன். முகத்தைப் பற்றி தூரிகை சொன்ன பிக்சல் கணக்கும் நியாயமானது. ஆனால் ஏஐ முழுவதையும் ஒதுக்க வேண்டியதில்லை. பின்னணிச் சுவரில் நூறு கீறல் இருந்தால் அவற்றை ஒவ்வொன்றாகத் தேய்ப்பதைவிடக் கருவியிடம் விடலாம். முகங்களை மாஸ்க் போட்டு மறைத்துவிட்டு மீதியில் மட்டும் ஓட்டலாம். மூலத்தைத் தனியாக வைத்துவிட்டு, 'கற்பனைப் பிரதி' என்று பெயர் கொடுத்த கோப்பை வீட்டுப் பெரியவருக்குக் காட்டுவதிலும் எனக்குத் தவறு தெரியவில்லை.

தூரிகை:

பின்னணிக்கு, சரி. நானும் அப்படித்தான் செய்கிறேன். முகத்தில் கற்பனைப் பிரதி வேண்டாம் என்பதில் மட்டும் நான் மாறமாட்டேன். கோப்பின் பெயரை யாரும் படிப்பதில்லை. ஒருமுறை பகிர்ந்ததும் பெயர் போய்விடும், முகம் மட்டும் மிஞ்சும்.

சாளரம்:

அனைவருக்கும் நன்றி. சிசிடி ஸ்கேனர் ஒன்று இரவல் கிடைத்தது. கண்ணாடியோடு 1200இல் எடுத்தேன். சிவப்புச் சேனலைத் திறந்ததும் மஞ்சள் திட்டில் முக்கால்வாசி மறைந்துவிட்டது! அதன் கீழே ஒரு பையனின் முகம் முழுதாக இருக்கிறது. அம்மா அவரைத் தன் மாமா என்று உடனே சொன்னார்.

ஆனால் மூன்று சிக்கல். நீலப் பேனாக் கோடு சிவப்புச் சேனலில் முன்பைவிடக் கறுப்பாகத் தெரிகிறது. அடர்ந்த உடைப் பகுதிகளில் நீலம் கலந்த ஒரு உலோகப் பளபளப்பு இருக்கிறது. அதை ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். கண் வழியாகப் போகும் மடிப்பை எப்படிச் சரிசெய்வது என்றும் தெரியவில்லை.

வெள்ளித்துகள்:

ரப்பரை எடுத்து வைத்துவிடுங்கள். அந்தப் பளபளப்பு அழுக்கு இல்லை, படத்தின் வெள்ளியேதான். காற்றில் உள்ள மாசும் ஈரமும் பட்டு வெள்ளித் துகள் அயனியாகி, ஜெலட்டின் வழியாக மேலே ஏறி, மேற்பரப்பில் மறுபடி உலோகமாகப் படிகிறது. தேய்த்தால் உருவத்தின் ஒரு பகுதியைத்தான் தேய்க்கிறீர்கள். கேமராவால் எடுத்தால் இதைத் தவிர்க்கலாம்: இரண்டு விளக்குகளுக்கும் ஒரே திசையில் போலரைசர் தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது), லென்ஸுக்கு முன் அதற்குக் குறுக்காக இன்னொரு போலரைசர். பளபளப்பு அடங்கி, அடியில் இருக்கும் கறுப்பு வெளிவரும். கண்ணாடிப் பிரதிபலிப்பும் கூடவே போய்விடும்.

தூரிகை:

பேனாக் கோட்டுக்கு அதே தத்துவத்தைத் திருப்பிப் போடுங்கள். நீல மை சிவப்பு ஒளியை விழுங்குகிறது, நீலத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே நீலச் சேனலில் கோடு மெலிந்து தெரியும். சிவப்புச் சேனலை அடியில் வைத்து, நீலச் சேனலை மேலே ஒரு லேயராக (அடுக்காக) போட்டு, மாஸ்க் மூலம் அந்தக் கோட்டின் அகலத்துக்கு மட்டும் அதைத் தெரியவிடுங்கள். வெளிச்ச அளவு பொருந்தாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் கொண்டு அக்கம்பக்கத்தோடு சமப்படுத்துங்கள். மிஞ்சும் சுவட்டை மட்டும், அக்கம்பக்கத்தோடு கலந்து மூடும் ஹீலிங் பிரஷ்ஷால் எடுங்கள்.

மடிப்புக்கு வருகிறேன். வெற்று லேயர் ஒன்றில்தான் வேலை. அடியிலுள்ள ஸ்கேனில் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. மடிப்பில் படலம் உதிர்ந்து வெள்ளையாகத் தெரியும் இடம் எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் சிறிய பிரஷ். கன்னத்திலும் நெற்றியிலும் ஹீலிங் பிரஷ் நன்றாக உட்காரும். கண்ணின் விளிம்பு போன்ற அடர்ந்த கோடுகளுக்குப் பக்கத்தில் அது சாம்பலாகக் கசியும். அங்கே ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து வைக்கும் குளோன் ஸ்டாம்ப் எடுத்துக்கொண்டு, கோட்டின் போக்கிலேயே, மேலிருந்தும் கீழிருந்தும் நெருங்கி வாருங்கள்.

மற்றொரு கண்ணை நகலெடுத்துத் திருப்பி ஒட்டாதீர்கள். பலரும் முதலில் செய்வது அதுதான். யாருக்கும் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருப்பதில்லை, வெளிச்சமும் ஒரு பக்கத்திலிருந்துதான் வருகிறது. திருப்பி ஒட்டிய கண்ணில் ஒளிப்புள்ளி தப்பான பக்கம் நிற்கும். பாட்டியின் முதிய வயதுப் படங்கள் இருந்தால் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றிலிருந்து வெட்டி ஒட்டுவதற்கு இல்லை. இமை எங்கே மடிகிறது, புருவம் எங்கே முடிகிறது என்று பார்த்து அதன்படி நிறுத்துவதற்கு. அதற்குமேல் தெரியவில்லை என்றால் மடிப்பின் மெல்லிய தடம் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும். அது முகத்தை மாற்றாது.

கிழிந்த மூலையில் வெறும் பின்னணித் திரைதான் இருந்தது என்று சுற்றிப் பார்த்தாலே தெரிந்தால் நிரப்பலாம். அங்கே ஆளோ பொருளோ இருந்திருக்க வாய்ப்பிருந்தால் காலியாகவே விடுங்கள்.

நனைந்தஆல்பம்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து ஆல்பம் இரண்டு நனைந்துவிட்டன. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றன. வெயிலில் காயவைக்கலாமா?

வெள்ளித்துகள்:

கூடாது. ஒட்டியபடி காய்ந்தால் பிறகு பிரியாது. இப்போதே குளிர்ந்த சுத்தமான தண்ணீர்த் தட்டில் போட்டு, தானாக விடும்வரை காத்திருந்து பிரித்தெடுங்கள். தண்ணீரை அவ்வப்போது மாற்றுங்கள். ஆனால் 48 மணி நேரத்துக்கு மேல் எதுவும் தண்ணீரில் இருக்கக் கூடாது. பிரிந்ததை உருவப் பக்கம் மேலே பார்க்கும்படி நிழலில் பரப்புங்கள். உருவப் பக்கத்தை விரலால் தொடாதீர்கள். இன்று முடிக்க முடியாதவற்றை மெழுகுத்தாள் இடையிட்டு உறைய வையுங்கள். நாள் கழித்தும் எடுத்துப் பிரிக்கலாம். கண்ணாடித் தகட்டிலோ தகரத்திலோ இருக்கும் மிகப் பழைய கொலோடியன் படங்கள் (ஜெலட்டினுக்குப் பதில் வேறு படலம் பூசியவை) மட்டும் விதிவிலக்கு. அவற்றை ஊறவைக்கவும் கூடாது, உறைய வைக்கவும் கூடாது. பூஞ்சை பிடித்த படத்துக்கும் தண்ணீர் ஆகாது, பூஞ்சை அரித்த ஜெலட்டின் கரைந்து போய்விடும்.

நம்பிக்கை இழக்காதீர்கள். 2011 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஜப்பானின் யாமமோட்டோ ஊரில் சேற்றிலிருந்து மீட்ட சுமார் 7,50,000 படங்களைத் தன்னார்வலர்கள் கழுவி, பதிவு செய்து, உரியவர்கள் தேடி எடுத்துக்கொள்ள வழி செய்தார்கள்.

மரக்கிளை:

இழை இவ்வளவு தூரம் வந்ததால் என் சந்தேகம் இரண்டு. 1970களின் கலர்ப் படங்கள் எல்லாம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டன. ஆல்பத்துக்குள்தான் இருந்தன, வெளிச்சமே படவில்லை. அப்புறம் பழைய நெகட்டிவ் ஒரு கட்டு இருக்கிறது. ஸ்கேனரில் இருக்கும் டிஜிட்டல் ஐஸ் தூசி நீக்கத்தைப் போட்டால் உருவம் எங்கும் விசித்திரமான பொத்தல்கள் விழுகின்றன.

தூரிகை:

கலர்ப் படத்தில் மூன்று சாயம் உண்டு. அந்தக் காலத் தாள்கள் பலவற்றில் இருட்டிலேயே முதலில் மங்குவது சயான் சாயம். சிவப்பு ஒளியைத் தடுப்பது அதுதான். அது போனதும் படம் சிவக்கிறது. 16 பிட் ஸ்கேனில் லெவல்ஸை (வெளிச்சப் பரவலை வரைபடமாகக் காட்டும் வசதி) திறந்து, மூன்று சேனல்களையும் தனித்தனியாகப் பாருங்கள். சிவப்பின் வரைபடம் மட்டும் ஒரு பக்கமாக ஒடுங்கிக் கிடக்கும். அதன் கறுப்பு முனையை உள்ளே இழுத்து, பிறகு மற்ற இரண்டையும் அதோடு பொருத்துங்கள். பெரும்பாலும் மீண்டுவிடும். படத்தின் மிக இருண்ட பகுதிகளில் கொஞ்சம் சிவப்பு தங்கும்.

வெள்ளித்துகள்:

நெகட்டிவ் பற்றி: அந்தத் தூசி நீக்கம் அகச்சிவப்புக் கதிரால் வேலை செய்கிறது. கலர் நெகட்டிவின் சாயம் அகச்சிவப்பை உள்ளே விடும், தூசி விடாது. அதை வைத்துத்தான் தூசியைக் கண்டுபிடிக்கிறது. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் இருக்கும் வெள்ளியும் அகச்சிவப்பைத் தடுக்கும். கருவி உருவத்தையே தூசி என்று எடுத்துக்கொள்கிறது. அணைத்துவிட்டு, காற்றூதியால் ஊதிவிட்டு ஸ்கேன் செய்யுங்கள்.

அந்தக் கட்டை முகர்ந்து பாருங்கள். புளிக்காடி வாசனை வந்தால் அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. மற்றவற்றிலிருந்து பிரித்து, அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். ஃபிலிம் ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லை, பிசுபிசுப்பாக மஞ்சளித்திருக்கிறது என்றால் அது நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். கோடாக் அதைத் தயாரிப்பதை 1951இல் நிறுத்தியது, எளிதில் தீப்பற்றக்கூடியது. அப்படி எதுவும் இருந்தால் ஸ்கேனர் விளக்கின் சூட்டில் வைக்காமல், காற்றுப் புகும் காகித உறையில் போட்டுத் தனியே வையுங்கள். எத்தனை துண்டு, என்ன அளவு என்று இங்கே எழுதுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.